சக்களத்தி பஸ்ஸில் முன் சீட்

மலைக்கு வண்டி ஏற்றிப் போன நாளெல்லாம் என்னை வாசலிலேயே நிற்கவைத்த என் வீட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கிறீர்களா? இருப்பீர்கள். உங்களுக்கு என்ன குறை, அவளும்தான் அங்கே வந்துவிட்டாளே.

போன மாதம் நம் மகள் தேன்மொழி அமெரிக்காவிலிருந்து போனில் சொன்னாள். "அம்மா, அப்பாவோட பாட்டுக்காரம்மா செத்துப்போச்சும்மா." முதலில் ஐயோ பாவம் என்றுதான் வந்தது. அடுப்பிலிருந்த குழம்பை இறக்கி வைப்பதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. நான் இன்னும் கம்பத்திலேயே கிடக்கிறேன். அவள் எனக்கு முந்திக்கொண்டு உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டாள். இது என்ன நியாயம்?

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப் டிரைவர் நீங்கள். தோட்டத்து மேனேஜர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த கேசட்டில் வந்தவள் அவள். தலையில் தொப்பி, கையில் கிதார். அந்த அட்டைப் படத்தை வண்டியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினீர்கள். முருகனுக்கும் ஏற்கெனவே இரண்டு பேர் என்பதால் அவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

நம் ஜீப் ஸ்டாண்டில் ஒரு வழக்கம். டிரைவர் பொண்டாட்டி முன் சீட்டில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பின்னால் இருக்கிற பெண்கள் வாய்விட்டுப் பேச முடியாதாம், மறுநாள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்களாம். சரி என்று நானும் கல்யாணமான புதிதிலேயே தூக்குவாளிகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு பின்னால்தான் வந்தேன். முன் சீட்டில் என்ன இருந்தது? ஸ்பீக்கர் பெட்டி. அது குலுங்கக் கூடாதென்று என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தீர்கள். பொண்டாட்டிக்கு இல்லாத சீட்டில், பொண்டாட்டி சேலையைச் சுற்றிக்கொண்டு, அவள் பாடிக்கொண்டே மலையேறினாள்.

ஸ்டாண்டில் ராசு தம்பிக்கு என்னைச் சீண்டாவிட்டால் டீ இறங்காது. "மதினி, அண்ணே வெள்ளனாவே அம்மணியக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாக" என்பார். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன். வந்த பிறகு சிரிப்பு இருக்காது. கடைசியாகப் படுக்கையில் கிடந்தீர்களே, அப்போதும் என்னிடம் தண்ணீர் கேட்டீர்கள், பாட்டு அவளிடம்தான் கேட்டீர்கள். தேன்மொழி போனில் போட்டுவிட்டாள். நான் டம்ளரோடு நின்றேன்.

இப்போது தேன்மொழி என்னை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். விசா வந்துவிட்டது. அவள் இருக்கும் இடத்திலிருந்து காரில் போனால் நாஷ்வில் என்று ஒரு ஊர். உங்கள் பாட்டுக்குக் கண்ட்ரி மியூசிக் என்று பேராம், தமிழுக்கு மதுரை மாதிரி அதற்கு அந்த ஊராம். மருமகனுக்கு ஒரு நாள்தான் லீவு. பார்க்க மூன்று இடம் இருக்கு, ஒன்றுதான் முடியும், நீயே சொல்லு என்றாள்.

ஒன்று மியூசியம். கண்ணாடிக்குள் உங்கள் பாட்டுக்காரியின் உடுப்பு, கிதார், பூட்ஸ் எல்லாம் வைத்திருக்கிறார்களாம். அவள் செருப்பைப் பார்க்கவா நான் பிளேன் ஏற வேண்டும்? இன்னொன்று பழைய பாட்டுக் கொட்டகை. சாயங்காலமானால் புதுப் பிள்ளைகள் வந்து பாடுமாம். மூன்றாவது அவள் வீடு. ஆள் போன பிறகு எல்லாரும் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்களாம். வீட்டுப் பேச்சையே எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு மாரியம்மா மதினிக்கும் அதே எண்ணம்தான். "ஏ பாக்கியம், அம்புட்டுத் தூரம் போயி சக்களத்தி வாசல்லயா நிப்ப? பேசாம கொட்டகைக்குப் போ ஆத்தா" என்றாள். புதுப் பிள்ளைகளோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. கொட்டகை என்றே முடிவு செய்தேன்.

சொல்லிவிட்டு, இத்தனை வருடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "ஏடி, நெதமும் ஒங்கப்பா போடுவாகளே மொதப் பாட்டு, அதுல அப்படி என்னத்தத்தான் பாடுறா?"

"லாரி ஓட்டுற புருசனுக்குப் பாடுறாம்மா. மழை பேயுது, ரோடு வழுக்கும், அவசரப்படாம மெதுவா வா, நான் சோத்த வச்சிக்கிட்டு முழிச்சிருக்கேன்னு."

தினமும் வாசலில் நின்று நான் என்ன சொன்னேன்? வளைவில் பார்த்து, மெதுவா வாங்க. "தொணதொணக்காத" என்றுவிட்டுக் கிளம்புவீர்கள். தெரு முனை திரும்பியதும் அதையே அவள் இங்கிலீஷில் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டே போனீர்கள். நான் சொன்னால் தொணதொணப்பு, அவள் சொன்னால் பாட்டா?

அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியுமா? மேனேஜர் சொல்லியிருந்தாரா? தெரியாமல் கேட்டீர்கள் என்றால் நான் தோற்றவள்தான். தெரிந்தே கேட்டீர்கள் என்றால், மலை ஏறுகிற வரைக்கும் என் பேச்சைத்தானே கேட்டுக்கொண்டு போனீர்கள்? இனி இதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்?

நான் அழுகிறேன் என்று தேன்மொழிக்குத் தெரிந்துவிட்டது. பேச்சை மாற்றினாள். "அவ வீட்டு முத்தத்துல ஒரு பஸ்சு நிக்குதும்மா. ஊர் ஊராப் பாடப் போன பஸ்சு. உள்ள ஏறலாம். அவ உக்காருற சீட்டுல உக்காந்து போட்டோ எடுத்துக்கலாமாம்."

"எந்தச் சீட்டு?"

"டிரைவருக்குப் பக்கத்துல. முன் சீட்டு."

"அங்கனயே போவோம்" என்றேன்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு நாம் இடம் பிடிப்போமே, நினைவிருக்கிறதா? நீங்கள் கிழித்த சேலையில் ஒரு துண்டு இன்னும் பெட்டியில் கிடக்கிறது. அதைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அவள் சீட்டில் அதை விரித்துத்தான் உட்காருவேன். மருமகன் போதும் போதும் என்கிற வரை எழுந்திருக்க மாட்டேன்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். அங்கேயும் ஒரு வண்டி வைத்திருப்பீர்கள். அதன் முன் சீட்டில் உங்கள் துண்டைப் போட்டு வையுங்கள். அவள் வந்தால் பின்னால் உட்காரச் சொல்லுங்கள், அங்கேதான் இடம் நிறைய இருக்கும். பாட்டு வேண்டுமானால் பாடட்டும். நான் கட்டாயம் வருவேன், இது சத்தியம். ஆனால் அவசரப்பட மாட்டேன். மெதுவாகத்தான் வருவேன்.

உங்கள் ஒரே பொண்டாட்டி,
பாக்கியம்