நசுங்கிய குழாய்

ஒக்டோபர், வெள்ளி இரவு.

காலையில் குரோருட் கராஜில் பாலன் அண்ணையின் பழைய காரின் பின்னச்சுக் கியர்களை மாற்றிக் கொடுத்தேன். உள்ளே ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. நட்டை இறுக்க இறுக்க அது அளவாக நசுங்கிக் கியரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் கூடுதலாக இறுக்கிவிட்டேன். அளவுக்கு மீறி நசுங்கினால் புதுக்குழாய்தான் போட வேண்டும். என்னிடம் இருந்ததே அந்த ஒன்றுதான்.

"தங்கச்சி, பத்தரைக்கு ராகுகாலம் துவங்குது. அதுக்கு முன்னம் த்ரொண்ட்ஹைமுக்கு வெளிக்கிட வேணும்" என்று அவர் வாசலில் நின்றார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஏறக் காத்து நின்றார்கள். நட்டைச் சற்றுத் தளர்த்திவிட்டு மூடினேன்.

தளர்த்திய நட்டு ஓட ஓடக் கழலும். கழன்றால் கியர் சிக்கி, ஓட்டத்திலேயே பின் சில்லுகள் இறுகிவிடும். இது எனக்குத் தெரியும்.

பின்னேரம் வழியில் டொவ்ரே மலையிலிருந்து போன் எடுத்தார். "பின்னுக்கு ஒரு ஊளைச் சத்தம் கேக்குது. புதுக் கியர் அப்பிடித்தானே, தங்கச்சி?"

"ஓம் அண்ணை" என்றேன்.

எட்டு மணிக்கே த்ரொண்ட்ஹைம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பதினொரு தரம் எடுத்துவிட்டேன். மணி அடிக்கிறது. எடுக்கிறாரில்லை.