பெயர் சொல்லாத கோப்பை

கோலியர்ஸ் வுட், லண்டன்

அன்புள்ள உமக்கு,

பக்கத்து வீட்டு ருமேனியப் பெண் எலேனா நேற்றுப் புது மண்கோப்பைகள் இரண்டில் செரிப்பழம் கொண்டுவந்தாள். கோடை தொடங்கும்போது இறந்தவர்களின் பெயரைச் சொல்லி அயலவருக்கு இப்படிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஒன்று அவளுடைய தாயின் பெயரில் எனக்கு. மற்றது எங்கள் வீட்டில் இறந்தவர் பெயரில் நான் யாருக்காவது கொடுக்க.

“யார் பெயரில் கொடுக்கப்போகிறீர்கள், அங்கிள்?”

போரில் காணாமல்போன நம் மகனின் பெயர் நாக்குவரை வந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளும். “அவன் வந்து கதவைத் தட்டேக்க நான் இஞ்ச இருக்கவேணும், நீங்கள் போங்கோ” என்று நீர் என்னைத் தனியே அனுப்பியது நினைவுக்கு வந்தது.

“யாரும் இல்லை” என்றேன்.

சரியாகச் செய்தேனா தெரியவில்லை. கோப்பையை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கழுவி, உமக்கென்று வாங்கிவைத்த கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவனோடு நீர் வரும்போது தேநீருக்கு உதவும்.

காத்திருக்கும்,
உம்முடையவர்