பாகற்காய் மாத்திரையும் ஆடிக் கூழும்

ஜூலை 18, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். கடல் காற்று இல்லை. மணலிப் பக்கத்து ஆலை வாடை மட்டும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பருப்பில் கல் பொறுக்கினேன்.

செய்ய: கேஸ் பதிவு. மிக்ஸி பிளேடு. ஆய்வகத்தில் 28-க்கு விடுப்பு.

பதினோரு மணிக்கு நெட்டுக்குப்பத்திலிருந்து அக்கா. ஒரு கையில் நெத்திலி, இன்னொரு கையில் டப்பா. பாகற்காய்ச் சாற்றைச் சுண்டவைத்து அடைத்த கேப்சூல். அக்காவுக்குச் சர்க்கரை; அதற்கு நல்லது என்று அவள் தெரு சுமதி விற்கிறாளாம்.

"படிச்சவ நீ. இன்னா போட்டுக்கீதுன்னு பாத்து சொல்லு."

படித்தேன். நாளுக்கு இரண்டு, உணவுக்குப் பின். அடியில் எறும்பு போல ஒரு வரி: சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் மருத்துவரைக் கேட்கவும். வாய்விட்டுப் படிக்கவில்லை.

"ஏமாத்து வேலை. ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதுன்னா துன்னலாந்தான?"

"என்னமோ பண்ணு."

"எம்.எஸ்ஸி. பர்மிசன் கொட்த்துட்ச்சி" என்று சிரித்தாள். நெத்திலியை அவளே ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 22, செவ்வாய்

தூறல். பஸ்ஸில் குடை போயிற்று. ஆய்வகத்தில் சமையல் எண்ணெய்ச் சாம்பிள் மூன்று, ஒன்று தேறவில்லை. லேபிளை நம்பாமல் சோதிப்பதுதான் என் பிழைப்பு.

மதியம் அக்கா போன். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறதாம். சுமதி பேச்சைக் கேட்டு இப்போது நாளுக்கு மூன்று கேப்சூல். சர்க்கரை பார்க்கும் மெஷின் பழசு, நம்பாதே என்றேன்.

அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறாள். சனி வரை ஒரு வேளைச் சாப்பாடு, ஞாயிறு கூழ் ஊற்றும் வரை பச்சைத் தண்ணீரோடு விரதம்.

"டாக்டர் மாத்திரையை மட்டும் விட்டுடாதே."

"அத்த வுட்டா உங்கிட்ட யாரு திட்டு வாங்கறது? கரீட்டா போட்டுக்கறேன்டி."

பாகற்காய்க்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் கொஞ்சம் உண்டு என்று எப்போதோ படித்த நினைவு. பார்க்க வேண்டும்.

பார்க்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

உச்சி வெயில். பம்பைச் சத்தம். அண்டா பக்கத்தில் அக்கா, மஞ்சள் புடவை. காலையில் மாத்திரையும் கேப்சூலும் போட்டதோடு சரி. முதல் கூழை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். சாமிக்குப் படைத்தாயிற்று, ஆனால் ஊருக்கெல்லாம் ஊற்றிய பிறகுதான் அவள் குடிப்பாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நடுக்கம். வியர்த்துக் கொட்டியது. கண் நிலைத்துவிட்டது.

"ஆத்தா வந்துட்டாடோய்! மஞ்ச தண்ணி எட்த்தா!"

சுமதி காலில் விழுந்தாள். "தாயே, எம் பொண்ணுக்கு எப்ப கண்ணாலம் ஆவும்?"

அக்கா ஏதோ குழறினாள்.

"இன்னா சொல்றா?"

"தையிலயாம்!"

வருடா வருடம் அவளுக்குச் சாமி வரும். வருடா வருடம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்றும் அப்படியே. எப்போதும் குதிப்பாள், அதட்டுவாள். இன்று வெறும் நடுக்கம். வித்தியாசம் கண்ணில் பட்டது. வெட்கத்தில் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

விழுந்தாள். "மலையேறிட்டா, கற்பூரம் காட்டு" என்றார்கள். காட்டினார்கள். எழவில்லை. பிறகுதான் ஆட்டோ.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை முப்பத்தெட்டு. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள். டாக்டர், என் ஆய்வகப் பெண்கள் வயதுதான் இருக்கும், கேட்டார்: "மாத்திரை தவிர வேற ஏதாவது? மூலிகை, பொடி, சாறு?"

கேப்சூல் என்றேன்.

"சேர்த்துச் சாப்பிடக் கூடாதுன்னு யாருமே சொல்லலையா?"

"இல்லை" என்றேன்.

ஜூலை 28, திங்கள்

வெயில். வார்டில் மின்விசிறி ஒன்றுதான் ஓடுகிறது. டாக்டர் சொன்னது, மறக்காமலிருக்க:

பாகற்காய் குழம்பு, பொரியல்: பயமில்லை. சுண்டவைத்த சாறு வேறு.

சிலருக்குச் சர்க்கரை சற்றுக் குறையலாம். சான்று அரைகுறை. டாக்டர் மாத்திரைக்கு மாற்று அல்ல.

சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறக்கும். கேட்காமல் கூடாது. அளவைக் கூட்டவே கூடாது.

விரதம் என்றால் முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைக் கேட்க.

நடுக்கம், வியர்வை, குழறல்: உடனே சர்க்கரைத் தண்ணீர். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

கேட்காமல் கூடாது என்பது அந்த எறும்பு வரியிலேயே இருந்தது.

நான்கு மணிக்கு சுமதி, பிஸ்கட் பாக்கெட்டோடு. முகத்தில் பயமே இல்லை. "பாத்தியாக்கா, இன்னா பவரு! முப்பத்தெட்டுக்கு எறக்கிட்ச்சி!"

இனி யாருக்கும் கொடுக்காதே என்றேன்.

"நீதான ஒண்ணும் செய்யாதுன்னு சொன்ன? படிச்ச பொம்பளயே சொல்லிக்கீதுன்னுதான் நாலு வூட்ல வாங்கிகினாங்க."

எந்த வீடுகள் என்று கேட்டேன். பிஸ்கட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 30, புதன்

மேகம், மழை இல்லை. அக்கா வீடு திரும்பிவிட்டாள். டப்பாவை என் பையில் போட்டுக்கொண்டேன். நாளை அரை நாள் விடுப்பு. அந்தத் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கஞ்சி குடித்துக்கொண்டே அக்கா கேட்டாள். "தெருவே சொல்லுது, இந்த வாட்டி ஆத்தா கம்முனு வந்து கம்முனு போய்ட்டாளாம். நீ சொல்லு, வந்தாளா?"

"வரலை. சர்க்கரை இறங்கிடுச்சு."

கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"நீ கிட்டத்தான நின்ன? அப்ப நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

அவள் ஊற்றிய கூழைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு வாய் அவளுக்குக் கொடுக்காமல் நின்றிருந்தேன்.