அந்தோனியார் தகடு

தம்பிக்கு,

கம்பளையிலிருந்து நீ அனுப்பிய மரப்பட்டையைக் கூட்டெருவாக்கச் சாணத்தோடு குவித்தேன். பொலித்தீனால் இறுக்கி மூடியது என் பிழை. இன்று கிளறியபோது புளித்த நாற்றம் அடித்தது.

அதற்குள் ஒரு பட்டையில், அப்பா நம் பலாமரத்தில் ஆணியால் அறைந்த அந்தோனியார் தகடு. புனிதரின் முகத்தில் புழு நெளிந்தது.

ஒரு கிளையை மட்டும் வெட்டத்தானே என்னிடம் கையெழுத்து வாங்கினாய்? மரத்தையே விற்றுவிட்டு, பட்டையை எனக்குப் பரிசாக அனுப்பியிருக்கிறாய். மூன்று தடவை சவர்க்காரம் போட்டும் கை நாறுகிறது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. "செவ்வாக்கிழம நம்ம மரத்தடிக்குப் போயி அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏத்தணும் புள்ள" என்கிறார்.

கூட்டி வருகிறேன். தகட்டையும் கழுவி எடுத்து வருகிறேன். அதை எங்கே அறைவது என்று அம்மாவுக்கு நீயே சொல்.

அக்கா