பாவு போல இழுத்த செயின்

அன்புள்ள அப்பாவுக்கு,

காவேரி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகமா? முகூர்த்தச் சேலை தறியிலிருந்து இறங்கிவிட்டதா? இந்த ஜெர்மனியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சைக்கிளைத் தவிர.

கல்மேல் குதித்து ஏறிப் பழகுகிற சைக்கிள் ஒன்று வாங்கினேன் என்றேனே, குதிக்கும்போதெல்லாம் அதன் கியர் நழுவியது. எரிச்சலில் எல்லாக் கியரையும் கழற்றி எறிந்துவிட்டு ஒரே பல்சக்கரம் மாட்டினேன். செயினை எவ்வளவு இழுப்பது? தறியில் நீளவாக்கில் ஓடும் நூலைக் காட்டி, "பாவு நூல் தொய்யக் கூடாதும்மா, தட்டினா டங்குன்னு சொல்லணும்" என்பீர்களே, அப்படியே இழுத்து முறுக்கினேன். முதல் கல்லிலேயே அறுந்தது. செயினுக்குக் கொஞ்சம் தொய்வு வேண்டுமாம்! சைக்கிள் கடைக்காரன் சிரிக்கிறான். எல்லாம் உங்களால் வந்த வினை.

பயப்படாதீர்கள், எனக்கு லேசான சிராய்ப்புதான்.

தறிக்குழியிலிருந்து எழுந்ததும் நீங்கள் தேய்த்துக்கொள்ளும் தைலம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். கூட வேலை செய்கிறவள் கேட்டாள். பெரிய பாட்டிலாகவே அனுப்புங்கள். வீட்டில் தனியாக இருப்பவள் முதுகில் அதை எப்படித் தேய்த்துக்கொள்வது என்றும் எழுதுங்கள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

காவேரி