சரணம் மாறுகிற நேரம்

போன செவ்வாய்க்கிழமை காலை, குழித்துறையில் ரயில் ஏறிய கையோடு மடிக்கணினியைத் திறந்து, நம் சர்ச் பாட்டுப்புத்தக ஆப்பை, அதை எழுதிய மென்பொருளின் புது வடிவத்துக்கு மாற்றி முடித்தேன். சரியாக வருகிறதா என்று போனில் ஒரு பாட்டைத் திறந்தால், ஸ்கிரீன் கீழேயிருந்து எழும்பி, ஆடி அசைந்து, மேலே வந்து நின்றது. கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிப் பிந்தி வருகிற மாமி மாதிரி. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏட்டி, இதப் பாத்தியா" என்று பக்கத்து சீட்டுக்குத் திரும்பியும் விட்டேன். அங்கே என் பைதான் இருந்தது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. காய்ச்சல் என்று படுத்தாய், பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி நான் நிறைய எழுதப்போவதில்லை. எழுதினால் அழுவேன், அழுதால் நீ கேலி செய்வாய்.

காரியத்துக்கு வருகிறேன். ஒரு ஸ்கிரீனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அது எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், எவ்வளவு நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்று ஆப் முழுவதற்கும் பொதுவாக ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தோம் அல்லவா? புது வடிவத்தில் அந்த வரி செல்லாது. நேரத்துக்குப் பழைய எண்ணையே போட்டுப் பார்த்தேன். ஆனால் அசைவு வேறு மாதிரி. தயங்கித் தொடங்கிப் பிறகு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குள் புது எண்ணைக் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. அதற்கு நமக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், பாடிப் பார்ப்பது. பாடுகிறவள் நீ. நான் பாடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

ஏன் பாடமாட்டேன் என்று தெரிந்தவளும் நீ ஒருத்திதான். ஞாயிறு பள்ளியில் கிறிஸ்மஸ் பாட்டுப் பழகும்போது டீச்சர் என் பக்கம் குனிந்து, "நீ வாய மட்டும் அசைச்சாப் போரும் மக்ளே" என்றார். நீ எனக்கு அடுத்து நின்றாய். டீச்சர் அந்தப் பக்கம் போனதும், "அப்ப நான் ரெண்டாளுக்கும் சேத்துப் பாடுறேன்" என்று என் காதில் சொல்லிவிட்டுத் தொண்டை கிழியப் பாடினாய். அன்று முதல் இருபத்தைந்து வருஷம் சர்ச்சில் நான் வாயை மட்டும் அசைத்தேன். பாட்டு ஆப் செய்தவள் பாடாதவள் என்று நம் கருங்கல் வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஆப்பின் முதல் ஞாயிற்றை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. அந்த அசைவை வைத்தவள் நான். ஆராதனைக் காரியம், பக்தியாக இருக்கட்டும் என்று, ஒரு சரணம் மெல்லக் கரைந்து அடுத்த சரணம் மெல்லத் தெளிகிற மாதிரி வைத்தேன். முழுசாக ஒரு நொடி. மேஜையில் வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு. "பாத்தாப் போராது ஏட்டி, பாடிப் பாக்கணும்" என்றாய். நான் கேட்கவில்லை.

போதகர் பாட்டின் எண்ணை இரண்டு தடவை சொன்னார். கீபோர்டில் ஒரு அடி வாசித்தார்கள். அந்த ஒரு அடிக்குள் எல்லாரும் பாட்டை எடுத்துவிட வேண்டும் என்பது நம் சபையில் எழுதாத சட்டம். முதல் சரணம் ஒன்றாகப் போயிற்று. இரண்டாவதில், போனைப் பார்த்துப் பாடிய பெண்கள் பக்கம் கொஞ்சம் பிந்தியது. மூன்றாவதில் அரை அடி. ஆண்கள் பக்கம் கையில் புத்தகம், அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஆண்கள் ஆமென் பாடி முடித்துவிட்டார்கள், பெண்கள் இன்னும் கடைசி அடியில் நின்றார்கள். கொயரில் முன்வரிசையில் நின்ற நீ பாட்டுப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாய். உன் தோள் குலுங்குவது வாசல் வரைக்கும் தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் சபைச் செக்ரட்டரி நம்மை நிறுத்தினார். "அடுத்த ஞாயிறும் இப்பிடி ஆச்சுன்னா, எல்லாரும் போனச் செருப்புக்கப் பக்கத்துல கழத்தி வச்சிட்டு உள்ள வாங்க" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. நீயோ, "ஒரு வாரம் தாருங்க அண்ணா, ரெண்டு பக்கமும் ஒண்ணா ஆமென் சொல்லும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாய்.

திங்கள் காலை வேலைக்குப் போகிற ரயிலில் லேடீஸ் கோச்சையே சோதனைச் சாலையாக்கினாய். எதிர் சீட்டில் டீச்சர் அக்கா. நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர், நெற்றி நிறையத் திருநீறு. நம் பாட்டில் ஒரு வரிகூட அவருக்குத் தெரியாது. அதற்காகவே அவரைப் பிடித்தாய். "தெரிஞ்ச பாட்டுன்னா ஆளுக ஸ்கிரீனப் பாக்காது" என்றாய்.

நீ செய்த முதல் திருத்தம் என்னுடையதைவிட மோசம், அதையும் சொல்லிவிடுகிறேன். அசைவே வேண்டாம் என்று எடுத்துவிட்டாய். சரணம் சட்டென்று மாறியது, மாறியதா இல்லையா என்றே தெரியவில்லை. உன் பின்னாலேயே பாடிவந்த டீச்சர் அக்கா சந்தேகப்பட்டு இன்னொரு தடவை தட்டி, இரண்டாம் சரணத்திலிருந்து நேரே நான்காவதுக்குப் போய் அதை மனமாரப் பாடிக்கொண்டிருந்தார். பாறசாலை தாண்டும்வரை கோச் முழுக்கச் சிரிப்பு.

மறுநாள் நீதான் கண்டுபிடித்தாய். "ஒரு சரணம் முடிஞ்சா எல்லாரும் ஒரு மூச்சு எடுப்பாங்க. அதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கணும். எந்தப் பக்கம் போறோம்னும் தெரியணும்." முன்னால் போனால் வலப்பக்கமிருந்து, திரும்பி வந்தால் இடப்பக்கமிருந்து என்று வைத்தோம். நீ பாட, டீச்சர் அக்கா பின்னால் பாட, நான் எண்ணைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். நான்கு நாளில் ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கில் வந்து நின்றது. அந்த ஞாயிறு இரண்டு பக்கமும் ஒன்றாக ஆமென் சொன்னது. மறுவாரம் செக்ரட்டரி தன் போனை நீட்டி, "இதுலயும் போட்டுத் தாங்க பிள்ளே" என்றார்.

இந்த வாரம் செவ்வாயும் புதனும் நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். மேஜையில் தாளம் போட்டேன். பதிவு செய்த பாட்டை ஓடவிட்டேன். வாயை மட்டும் அசைத்தும் பார்த்தேன். வாயை அசைத்தால் மூச்சு வராது ஏட்டி, அது எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை. வியாழக்கிழமை ரயிலில் டீச்சர் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்க கூட்டுக்காரி பாடுனது மாதிரி எல்லாம் வேண்டாம். நீ பாடு பிள்ளே, நான் பொறகே வாறேன்" என்றார்.

பாடினேன். முதல் அடியிலேயே சுருதி எங்கோ போயிற்று. ஜன்னலோரம் தூங்கிய பெண் விழித்துப் பார்த்தாள். காது சுட்டது. ஆனால் இரண்டாம் சரணம் முடிந்ததும் என்னை அறியாமல் ஒரு மூச்சு எடுத்தேன். அது நீளமான மூச்சு. உன் எண்ணில் வைத்தால் எனக்கு ஸ்கிரீன் மாறியதே தெரியவில்லை, மறுபடி தட்டிச் சரணத்தைத் தாண்டிவிட்டேன். நொடியின் நான்கில் ஒரு பங்குக்குக் கூட்டிய பிறகுதான் என் மூச்சும் அதுவும் சேர்ந்தன.

உன் எண்ணை அழிக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. உன்னைப் போலப் பாடுகிறவர்களுக்குப் பாட்டு மனப்பாடம், அவர்கள் ஸ்கிரீனைப் பார்ப்பதே இல்லை. அதைப் பார்த்துப் பார்த்துப் பாடுகிறவர்கள் என்னைப் போன்றவர்கள். சனிக்கிழமை காலை, எல்லாப் பாட்டுக்கும் பொதுவான அந்த ஒற்றை வரியில் என் மூச்சை எழுதினேன். நீ இருந்திருந்தால், இதற்கு இவ்வளவு நாளா என்று திட்டியிருப்பாய்.

இன்று ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். நீ போன பிறகு நம் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாட அங்கே ஆள் இல்லை. போதகர் எண்ணைச் சொன்னார், கீபோர்டு ஒரு அடி வாசித்தது, நான் போனைத் தட்டினேன். முன்வரிசை அக்கா யார் இது என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். சுருதி விலகியது எனக்கும் கேட்டது. வாயை மூடவில்லை, ஏட்டி. நான்கு சரணமும் பாடினேன்.