முள்கரண்டி யாருடைய யோசனை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஆளுக்கொரு மூலையில், பேச்சுவார்த்தை இல்லாமல். நீ அங்கே குளிரில் இருமாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நலம் விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டேன், இனி வருவதெல்லாம் வசவு, உட்கார்ந்து படி. போனில் திட்டினால் ஒரு நிமிஷம்மா, மீட்டிங் என்று நழுவிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் பெரிய கூட்டத்தில் பேசப்போகிறாயாம், வேலை செய்கிறவர்களுக்கு வேலையில் பிடிப்பு எப்படி வரும், புது யோசனை எப்படி வரும் என்று நூறு முதலாளிகளுக்குப் பாடம் எடுக்கப்போகிறாயாம், அதற்கு நம் பை தைக்கிற பட்டறை மேசையில் நிற்கும் முள்கரண்டியைப் போட்டோ பிடித்து அனுப்பு என்று அப்பாவிடம் கேட்டாயாம். எங்கிருந்து அனுப்புவது? முள்கரண்டி மேசையில் இல்லை. அதை உன் அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், பிள்ளை மனசு நோகுமாம். என் மனசு எக்கேடு கெட்டால் என்ன.

நீ கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன், கேள். பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் வைக்கும்போது, இழுக்கிற ரன்னரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பக்க நாடாவையும் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைக்க வேண்டும். வழுக்கும், நகம் பிய்யும். நம் பட்டறையில் சனிக்கிழமை சாயங்காலம் மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டே அந்த வாரம் எது எது உயிரை எடுத்தது என்று ஆளாளுக்குப் புலம்புவோமே, குடைச்சல் நேரம் என்று பேர் வைத்திருந்தோமே, அப்படி ஒரு சனிக்கிழமை நான் நகம் போச்சு என்று புலம்பினேன். என் பக்கத்தில் ஜிப் தைக்கிற சுருட்டையின் டிபன் டப்பாவில் கிடந்த முள்கரண்டியில் ரன்னரை முதலில் செருகிப் பார்த்தது நானா, அவளா, சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. ரன்னர் ஆடாமல் நிற்க அவள் முட்களை நெருக்கி வளைத்தாள். துணி வெட்டுகிற கத்திரி மாமா ஒரு பலகைத் துண்டில் பள்ளம் தோண்டிக் கரண்டியை நிறுத்தினார். மேசையோடு சேர்த்துத் திருகியது உன் அப்பா. ரன்னரைப் பிடிக்காமல் இரண்டு கையும் சும்மாவானது, நாடாவை இழுத்தால் வெண்ணெய் மாதிரி உள்ளே போனது, எல்லோரும் சிரித்தோம், டீ ஆறிப்போனது, அவ்வளவுதான் நடந்தது.

லீவுக்கு வந்தவன் லீவில் இருந்திருக்கலாம். குடைச்சல் நேரத்தைப் பார்த்துவிட்டு, அம்மா இது வெட்டிப் பேச்சு, இதை ஒழுங்குபடுத்தணும் என்றாய். ஒழுங்குபடுத்தினாய். பூட்டுப் போட்ட யோசனைப் பெட்டி வந்தது, சுவரில் நட்சத்திரப் பலகை வந்தது, யோசனை சொன்னால் நட்சத்திரம், நட்சத்திரம் சேர்ந்தால் பரிசு, பரிசு வாங்கினவர் போட்டோ பலகையில். சனிக்கிழமைப் பேச்சை நிறுத்தி அந்த நேரத்திலும் மெஷினை ஓட்டவைத்தாய். முதல் பரிசைப் பழைய யோசனைக்குக் கொடுப்போம் என்று எல்லோரையும் நிற்கவைத்து, முள்கரண்டி யாரோட யோசனை, ஒரே ஒரு பேர் சொல்லுங்க என்று கேட்டாயே, அப்போது உன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும் நான். எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். உன் அப்பா என் பேரைச் சொன்னார், பெண்டாட்டியைக் குளிர்விக்கிறாராம். நான் ஒருத்தி செய்ததில்லடா என்று கத்தினேன், அடக்கமெல்லாம் வேணாம்மா என்று கண் கலங்கிக்கொண்டு பரிசை என் கையில் திணித்தாய். முதலாளி பிள்ளை முதலாளி பெண்டாட்டிக்குப் பரிசு கொடுக்கிறான், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். தட்டினார்கள். அந்தத் தட்டல் இன்னும் என் காதில் அறைகிறது.

நீ விமானம் ஏறின மறுநாள் சுருட்டை, என் வீட்டுக் கரண்டி, எனக்கு வேணும் என்று பிடுங்கிக்கொண்டாள். கத்திரி மாமா தன் பலகைத் துண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். உன் அப்பா மட்டும் சளைத்தவரா, திருகாணியை எடுத்து மேசை டிராயரில் பூட்டிவிட்டார், அது பட்டறைச் சொத்தாம். எனக்குப் பிய்ந்த நகம்தான் மிச்சம். யோசனைப் பெட்டியில் என்ன விழுந்தது தெரியுமா? விசிறியை என் பக்கம் திருப்பவும் என்று ஒரு சீட்டு, அதற்குக் கீழே, இல்லை, என் பக்கம் என்று இன்னொரு சீட்டு. தோள்வார் தைக்கிற பெண் நூல் அறுக்காமல் அடுத்தடுத்து வாரை மெஷினுக்குள் விடுவதற்கு ஏதோ வழி கண்டுபிடித்திருக்கிறாள், யாராவது பக்கத்தில் போனால் மெஷின்மேல் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், நட்சத்திரம் களவு போய்விடுமே. ஒருவர் மேசைக்கு இன்னொருவர் தலை நீட்டுவது நின்றுபோனது. மணி அடித்தால் வந்தார்கள், மணி அடித்தால் போனார்கள். இதைப் போனில் சொன்னபோது, இவங்களுக்கு ஆர்வமே இல்ல, ஆளை மாத்துங்கப்பா என்று உன் அப்பாவிடம் சொன்னாய்.

நீ மாற்ற வேண்டிய வேலையே இல்லை, அவர்களே போய்விட்டார்கள். சுருட்டையும் கத்திரி மாமாவும் தோள்வார்ப் பெண்ணும் பின்தெருவில் சைக்கிள் ரிப்பேர் கடை இருந்த கொட்டகையைப் பிடித்துச் சொந்தமாகப் பட்டறை போடுகிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். எண்ணெய்க் கறையைச் சுரண்டிச் சுரண்டித் தரையை வெளுப்பாக்கியிருக்கிறார்கள், எந்த மெஷின் எங்கே என்று கத்திரி மாமா சாக்பீஸால் கோடு போடுகிறார், அங்கே வெளிச்சம் விழாது என்று அந்தப் பெண் அழிக்கிறாள், அவர் வைகிறார், பிறகு அவள் சொன்ன இடத்திலேயே போடுகிறார். ஆர்வம் இல்லாதவர்கள்! ஒரு குடைச்சலைச் சொன்னால் நாலு பேர் தலையை நுழைப்பார்கள், தான் கை வைத்தது நாளைக்கும் அங்கே நிற்கும் என்று தெரிந்தால் மனுஷனுக்குத் தானாக வருகிறதடா யோசனை. இதற்கு எதற்கு உனக்கு மேடையும் மைக்கும்? என்னைப் பார்த்ததும் சுருட்டை, போட்டோக்காரம்மா வந்தாச்சு என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை, அழுதேன். அவள், உக்காருங்கக்கா, ரன்னர் கோக்க ஆள் இல்ல என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கரண்டியும் பலகையும் மறுபடி ஒன்று சேர்ந்திருந்தன, மேசையில் முடுக்கத்தான் திருகாணி இல்லை, பலகை வழுக்கிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் கேட்டேன். டிராயர் சாவியைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டு, எதிரிக்குத் திருகாணி கொடுக்கச் சொல்றியா என்று கேட்டார். பட்டறைக்குப் போய் உன் நட்சத்திரப் பலகையைத் தாங்கிக்கொண்டிருந்த திருகாணி இரண்டையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். பலகை இப்போது தரையில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, என் போட்டோவோடு.

திங்கட்கிழமை முதல் நான் அங்கே வேலைக்குப் போகிறேன். உன் அப்பாவுக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் போவேன், பயப்படாதே. சனிக்கிழமை சாயங்காலம் அவரும் வரலாம், டீ உண்டு என்று சுருட்டை சொல்லியனுப்பியிருக்கிறாள், மனுஷர் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார். உனக்குப் போட்டோ வேண்டுமென்றால் அவர்களைக் கேட்டுவிட்டு அனுப்புகிறேன். ஆனால் மேடையில் யாராவது இது யாருடைய யோசனை என்று கேட்டால், தெரியாது என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை உன் வாயில் வருமென்றால் கடிதம் போடு, வராதென்றால் வேறு கரண்டியைப் பார்த்துக்கொள்.

எவ்வளவு திட்டினாலும் பெற்ற வயிறு, நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். கழுத்தில் கம்பளித் துணி சுற்றாமல் வெளியே போகாதே. பகலில் போன் செய்யாதே, நான் வேலையில் இருப்பேன், இரண்டு கையும் சும்மா இருக்காது.

இப்படிக்கு,
பின்தெருப் பட்டறையில் ரன்னர் கோர்க்கும்
உன் அம்மா